சுவர்ப் பத்திரிகையும் பச்சைப் பெட்டியும்

சுவர்ப் பத்திரிகை நடத்துவது பெரிய வித்தையன்று. ஆறு சார்ட் தாள்கள், நான்கு நிறத்தில் மை, கையெழுத்து அழகாயுள்ள இரு தோழியர், படம் வரைய ஒருத்தி, இவ்வளவும் இருந்தால் மாதம் இருமுறை ஓர் இதழைச் சுவரில் ஏற்றிவிடலாம். இவ்வாண்டு அப்பொறுப்பு பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்கள் ஐவருக்குக் கிட்டியது. ஆண்டு மலருக்கு அதைப் பற்றி எழுதித் தருமாறு பொறுப்புச் சகோதரி கேட்டபோது, நாங்கள் எழுதியவற்றைவிட எங்களுக்கு எழுதப்பட்டவற்றைப் பற்றிச் சொல்லவே அதிகம் இருப்பதாகப் பட்டது. இதழ் சுவரில் ஏறிய பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது.

முந்தைய ஆண்டுகளில் வாசகியர் தம் கருத்தை இதழின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவது வழக்கம். "அருமை", "சுமார்", "எங்கோ படித்தது போலிருக்கிறதே" என்று மூலைக்கு மூலை எழுத்தாயிருக்கும். பாரதியாரின் மீசை காது வரை நீண்ட இதழ்களும் உண்டு. இதற்கொரு முடிவு கட்ட எண்ணி, ஒரு கருத்துப் பெட்டி வேண்டுமென்று சகோதரியிடம் விண்ணப்பித்தோம். பழைய மேசையொன்றின் பலகையிலிருந்து பெட்டி உருவாயிற்று. சிவப்பு வண்ணம் பூசலாம் என்றோம். வீட்டிலிருந்து மிச்ச வண்ணம் கொண்டுவர முன்வந்த தோழி கொணர்ந்ததோ பச்சை.

அந்தப் பச்சை பொருத்தமானதே என்று பிற்பாடு தெரிந்தது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது என்பதை நாமெல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறோம். திருவிதாங்கூருக்கென்று தனியே ஓர் அஞ்சல் துறை இருந்ததும், அது 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு சேர்க்கப்பட்டதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த அஞ்சலின் பெட்டிகள் வார்ப்பிரும்பாலானவை, சங்கு முத்திரை பொறித்தவை, நிறம் பச்சை. எங்களுள் ஒருத்தியின் பாட்டி தம் சிறு வயதில் அதைக் கண்டவர். பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "மணி உண்டா?" என்பதுதான். அக்காலத்து அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலை ஏந்தி ஓடுவாராம். மணியோசை கேட்டால் வழியில் நிற்பவர் யாராயினும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

பாட்டி சொன்னதைக் கேட்ட உற்சாகத்தில் நாங்களும் எங்கள் பெட்டியின் வாயில் ஒரு சிறு மணியைக் கட்டினோம். யாரேனும் சீட்டைப் போட்டால் மூடி அசையும், மணி ஒலிக்கும், கடிதம் வந்ததை உடனே அறியலாம் என்பது எங்கள் கணக்கு. பெட்டி இருந்ததோ எங்கள் வகுப்பை ஒட்டிய வராந்தாவில். முதல் வாரத்தில் கணித வகுப்பு நடக்கும்போதே மணி ஒலிக்கும். ஐந்து தலைகள் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பும். ஐவரைப் பார்த்து ஐம்பது பேரும் திரும்புவார்கள். யார் போட்டது, என்ன எழுதியிருக்கும், நம் கதையைப் பற்றியதா என்ற நினைவிலேயே பாடம் போய்விடும். சிறு வகுப்புக் குழந்தைகள் சிலர் சீட்டே இல்லாமல் மூடியை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிய வேடிக்கையும் நடந்தது. கணித ஆசிரியை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை தாமே வந்து மணியின் நாக்கில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றிவிட்டுப் போனார்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் பள்ளி முடிந்த பின்னரே பெட்டியைத் திறப்பதென்று முடிவு செய்தோம். இடைப்பட்ட நாட்களில் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்பழக்கம் வருவதற்கு ஒரு மாதம் பிடித்தது. இன்று நம் வீடுகளில் கைப்பேசி ஒரு தரம் ஒலித்தால் அம்மா அடுப்பிலிருந்தும், அண்ணன் புத்தகத்திலிருந்தும், நாமே செபமாலையிலிருந்தும் கண்ணை எடுத்துவிடுகிறோம் அல்லவா? ஓட்டக்காரரின் மணிக்கு வழியில் நிற்பவர் மட்டுமே விலகினார்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணிட்டு, வந்த தேதி, பொருள், என்ன செய்தோம் என்று பதிந்து வந்தோம். சகோதரி சொல்லிச் செய்தது இது. இப்படி எழுதுவது வீண் வேலை என்று எங்களில் இருவர் முணுமுணுத்ததுண்டு. ஆனால் ஒரு கடிதத்துக்கு மறுமொழி போயிற்றா இல்லையா என்ற வழக்கு வந்தபோதெல்லாம் அந்தப் புத்தகமே எங்களைக் காப்பாற்றியது.

வந்த சீட்டுகளில் பெரும்பகுதி பாராட்டுகள். "மிக நன்று" என்ற இரண்டு சொல்லுக்கு என்ன மறுமொழி எழுத முடியும்? ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதினால் இதழில் நன்றியைத் தவிர வேறொன்றுக்கும் இடமிராது. ஆகவே பாராட்டுகளை எழுதியவரிடமே கொடுத்துவிட்டோம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

வேறு சில, இதழில் வந்ததைவிட நல்லவை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அரண்மனைக்கு அருகிலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருப்பதையும், அங்கே 1777-இல் இறந்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உள்ளதையும், அக்கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பதையும் எழுதி, "அக்காமார் அங்கே போகவில்லையா?" என்று முடித்திருந்தாள். இதைக் கடிதமாக ஒட்டுவது முறையன்று எனக் கருதி, அவளையே கட்டுரையாக எழுதச் செய்து அடுத்த இதழின் முதற்பக்கத்தில் வெளியிட்டோம். கருத்துப் பெட்டியால் ஒரு பள்ளிக்கு வேறெந்தப் பயனும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

முறையீடுகளும் வந்தன. குழாயில் நீர் வராதது, மாலைப் பேருந்தில் இடமில்லாதது, நூலகம் மதிய இடைவேளையில் பூட்டியிருப்பது போன்றவை. இவற்றை அப்படியே சுவரில் ஒட்டினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேருமே தவிரக் குழாயில் நீர் வராது. முதலில் உரியவரிடம் கொண்டுபோவது, பதில் கிடைத்ததும் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே ஒட்டுவது என்று வைத்துக்கொண்டோம். நூலகம் இப்பொழுது மதியம் திறந்திருக்கிறது. பேருந்து அப்படியேதான் இருக்கிறது.

காந்தியடிகளுக்கு வந்த கடிதங்களைப் பற்றிச் சகோதரி சொன்ன செய்திகள் அக்டோபர் மாதத்தில் எங்களுக்குப் பெரிதும் துணையாயின. அவருடைய எழுத்துகள் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பங்கு கடிதங்களே. வலக்கை ஓய்ந்தால் இடக்கையால் எழுதுவாராம். வந்த கடிதத்தின் வெற்றுப் பக்கத்தையும், உறையைப் பிரித்து அதன் உட்புறத்தையும் எழுதப் பயன்படுத்துவாராம். பலருக்கும் பயன்படும் கேள்வியானால் தனிக் கடிதத்தோடு நில்லாமல் தம் 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதுவார். 1940-ஆம் ஆண்டில் அதில் 'கேள்விப் பெட்டி' என்ற தலைப்பிலேயே ஒரு பகுதி வந்தது. அப்படிப்பட்டவர் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "உங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தவிர மற்ற நாளெல்லாம் திங்கட்கிழமை" என்று சிரித்தார் சகோதரி.

ஆறாம் வகுப்பிலிருந்து வந்த ஒரு சீட்டில், "என் கடிதம் போட்டு ஒன்பது நாளாயிற்று, நீங்கள் பெரிய ஆள்களோ?" என்றிருந்தது. நியாயமான கோபம்தான். ஒன்பது நாள் அந்தக் குழந்தைக்கு ஒரு யுகம். எங்கள் அம்மாமார் நாகர்கோவில் வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டுத் தம் பெயர் ஒலிக்குமா என்று நாட்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள். 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கிய அந்நிலையமே இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்பது நமக்குப் பெருமை. அதற்கும் முந்தைய தலைமுறை இலங்கை வானொலிக்குக் கடல் கடந்து எழுதிவிட்டுக் காத்திருந்தது.

இவர்களையெல்லாம்விட அதிகம் காத்திருந்தவர் ஒருவர் நம் கோட்டாற்றுப் பேராலயத்தின் பாதுகாவலராக இருக்கிறார். புனித சவேரியார் 1544-இல் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து தம் தோழர் மான்சிலாசுக்கு அடிக்கடி எழுதிய சிறு கடிதங்கள் இன்றும் உள்ளன. மக்களிடம் பொறுமையாயிரும் என்பதே அவற்றில் திரும்பத் திரும்ப வருவது. நம் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததை 1545 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதினார். அக்கடிதம் கப்பலேறிச் சென்று, அதற்கு மறுமொழி வந்து சேர ஆண்டுகள் ஆகும். தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை மட்டும் வெட்டியெடுத்துத் தம்மோடு எப்போதும் வைத்திருந்தார் என்று படிக்கிறோம். அவரைத் திரும்பி வருமாறு இஞ்ஞாசியார் உரோமையிலிருந்து கடிதம் எழுதியது 1553 சூன் 28-இல். சவேரியாரோ 1552 திசம்பர் 3-ஆம் நாளே சீனக் கரையோரத் தீவில் உயிர்நீத்திருந்தார். ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு இதை மூன்று வரியில் எழுதி, அவளுடைய கேள்விக்கும் விடையளித்தோம். "சரி, ஆனால் நீங்கள் கப்பலில் அனுப்ப வேண்டாமே" என்று மறுவாரமே மறுசீட்டு வந்தது.

இனிச் சொல்லப் போவது சற்றுக் கடினமானது.

நவம்பர் இறுதியில், கடற்கரை ஊரொன்றிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி, ஒக்கிப் புயலின் இரவைப் பற்றி ஒரு கட்டுரை தந்தாள். 2017 நவம்பர் 30-இல் அது நம் மாவட்டத்தைத் தாக்கியபோது அவள் சிறுமி. எச்சரிக்கை எட்டுவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளில் ஒன்றில் அவளுடைய தந்தையும் வேறொன்றில் சிற்றப்பாவும் இருந்தார்கள். கோயில் முற்றத்தில் ஊரே விழித்திருந்த அந்த இரவை அவள் தன் வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதியிருந்தாள். கட்டுரை விடியலில் முடிந்துவிடுகிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அவள் எழுதவில்லை.

அதற்கு வந்த அளவுக்குச் சீட்டுகள் வேறெதற்கும் வரவில்லை. அழுதோம் என்று எழுதியவர் பலர். "உன் அப்பா வந்தாரா?" என்று கேட்டவர் சிலர். பெயரில்லாத ஒரு சீட்டில், "இது பத்திரிகைத் தமிழா, மீன் சந்தைத் தமிழா?" என்றிருந்தது.

அதைக் கிழித்துக் குப்பையில் போடுவோம் என்றாள் ஒருத்தி. சுவரில் ஒட்டி, கீழே நன்றாகத் திட்டி எழுதுவோம் என்றாள் இன்னொருத்தி. ஒட்டினால் ஒருத்தி எழுதியதைப் பள்ளியே வாசிக்கும். கிழித்தால் அவளுக்கு வந்ததை நாங்கள் தீர்மானித்ததாகும். சகோதரியிடம் போனோம். அவர் விவிலியத்தை எடுத்துக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தைக் காட்டினார். நீங்கள் எழுதிக் கேட்டவை என்று சொல்லி ஏழாம் அதிகாரத்தில் பவுலடியார் அவர்களுடைய கடிதத்துக்கு மறுமொழி கூறத் தொடங்குகிறார். முதல் அதிகாரத்திலோ, சபையிலுள்ள சச்சரவைப் பற்றித் தமக்குச் சொன்னவர்கள் குலோயி வீட்டார் என்று பெயரையே குறிப்பிடுகிறார். ஒருவர்மேல் குறை சொல்ல வேண்டுமானால் சொல்பவரின் பெயரும் உடன் நிற்க வேண்டும். பெயரில்லாத குறைக்குச் சுவரில் இடமில்லை என்பது அன்று முதல் எங்கள் விதியாயிற்று. "ஆனால் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களுடையது, பெட்டியின் சாவியை வைத்திருப்பவருடையது அன்று" என்றும் சகோதரி சொன்னார்.

எனவே அவளிடம் போய், "உனக்கு இத்தனை சீட்டுகள் வந்துள்ளன. அவற்றில் ஒன்று நல்லதாயில்லை. வேண்டுமா?" என்று கேட்டோம். எல்லாம் வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள். அந்தச் சீட்டை இரண்டு முறை வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாயன்று பெட்டியில் அவளுடைய பெயரோடு ஒரு தாள் கிடந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு காற்றுகளின் பெயர்களையும் எழுதி, எது எத்திசையிலிருந்து வருவது என்று காட்டியிருந்தாள். கரமடி என்றால் என்ன, கடலுக்குள்ளே ஓடும் நீரோட்டத்துக்கு நீவாடு என்று ஏன் பெயர், வள்ளம் எது, கட்டுமரம் எது என்று வரிசையாக எழுதியிருந்தாள். கடைசியில், "இவற்றுக்குப் பத்திரிகைத் தமிழில் வேறு சொல் இருந்தால் சொல்லித் தரவும். அடுத்த முறை அப்படியே எழுதுகிறேன்" என்று முடித்திருந்தாள். வேறொன்றும் சேர்க்காமல் அதை அப்படியே ஒட்டினோம். அதன் கீழே, உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் தம் கடற்கரை மக்களின் பேச்சிலேயே நாவல் எழுதுகிறவர் என்பதையும், அவருடைய 'கொற்கை' 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதையும் தமிழாசிரியை ஒரு வரியில் எழுதி வைத்தார். அந்தப் பெயரில்லாத சீட்டை எழுதியவர் யாரென்று நாங்கள் தேடவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். வேண்டாமென்றாள் அவள்.

"அப்பா வந்தாரா?" என்ற கேள்விகளுக்கு அவள் யாருக்கும் எழுதவில்லை. எங்களிடம் மட்டும் சொன்னாள். தந்தையின் படகு சில நாட்களுக்குப் பின் இலட்சத்தீவில் கரை சேர்ந்தது. சிற்றப்பாவின் படகு சேரவில்லை. இதை இங்கே எழுத அவளே இசைவு தந்தாள்.

சனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் திறந்தபோது, நான்காக மடித்த சிறு தாள் ஒன்று மேலேயே கிடந்தது. எந்தக் கட்டுரையைப் பற்றியும் அதில் இல்லை. "அடுத்த வருசம் என்னைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. பெயரில்லை, வகுப்பில்லை. அன்று பகலில் போட்டிருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எண்ணிடாமலேயே அதைச் சகோதரியிடம் ஓடிப்போய்க் கொடுத்தோம். யாரிடமும் சொல்ல வேண்டாமென்று எழுதியவள், எழுதாமலே இருந்திருக்கலாம் அல்லவா? எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாள் என்றால் யாரோ ஒருவருக்குத் தெரிய வேண்டுமென்று விரும்பியிருக்கிறாள். திங்கட்கிழமை காலை மறுமொழிப் பகுதியில் சகோதரியின் கையெழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: வெள்ளிக்கிழமை எழுதியவர் எந்நாளும் மாலை நான்கு மணிக்குச் சிற்றாலயத்தின் பின்வாசலுக்கு வரலாம். யார் வந்தார், வந்தாரா என்பதைச் சகோதரி எங்களிடம் கூறவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அச்சீட்டு சனிக்கிழமை காலையில் விழுந்திருந்தால் செவ்வாய் மாலை வரை பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும் என்ற எண்ணம் எங்களை விடவில்லை. ஒக்கிக்குப் பிறகு, கரையிலிருந்து வெகுதூரம் போனவர்களுக்கும் எச்சரிக்கை எட்டுமாறு செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் நம் கடற்கரைப் படகுகள் சிலவற்றுக்கு வழங்கப்பட்டதை எங்கள் தோழி சொல்லியிருந்தாள். வானொலிப் பாட்டு நாளைக்கு வந்தாலும் கேட்கலாம். புயற்செய்தி நாளைக்கு வந்து பயனில்லை. எல்லாச் சீட்டுக்கும் மணி கட்டினால் பாடம் நடக்காது. ஒன்றுக்குமே மணியில்லாமலும் இருக்க முடியாது. அதனால் பெட்டியின் நடுவே ஒரு பலகை அடித்து இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கத்து வாய் பத்திரிகைக்கு. அதன் சாவி எங்களிடம். செவ்வாயும் வெள்ளியும் திறப்பது. வலப்பக்கத்து வாயில் எதுவும் எழுதவில்லை. அதன் சாவி சகோதரியிடம் மட்டுமே. நாள்தோறும் காலை செபம் முடிந்ததும் அவரே திறப்பார். அதில் என்ன விழுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. பெட்டி அருகே ஒருத்தி நின்றால் எந்தப் பக்கம் போடுகிறாள் என்று பார்க்காமல் கடந்து போக வேண்டுமென்று எல்லா வகுப்புகளிலும் சொல்லியிருக்கிறார்கள்.

வரும் சூனில் எங்கள் இடத்துக்கு வரும் தங்கைமாருக்கு ஒரு சிறு குறிப்பு. சாவி அலுவலக அறையில் இரண்டாம் ஆணியில் தொங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் இன்னும் நான்கு கடிதங்களுக்கு மறுமொழி எழுதப்படவில்லை. அவற்றுள் மூன்று எளியவை. நான்காவது, மழைநாளில் இதழ் நனையாதிருக்க ஏன் கண்ணாடிக் கதவு போடக்கூடாது என்று ஒரு தந்தையார் எழுதியது. விலை விசாரித்து வைத்திருக்கிறோம். தலைமைச் சகோதரியிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.